"வீட்டில்தானே இருக்கீங்க?"

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வீட்டிலிருந்தே தொழில் செய்யும் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. பேச்சு நடையை மாற்றாமல் தருகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் இத்தனை பேர் கீழே இறங்கி வந்திருப்பதைப் பார்த்தால், பேச்சுக்காக வந்தீர்களா, அதற்குப் பிறகு வரப்போகும் பராமரிப்புக் கட்டண விவாதத்துக்காக வந்தீர்களா என்று தெரியவில்லை. எதற்காக வந்திருந்தாலும் ஒரு அரை மணி நேரம் எனக்குக் கொடுங்கள்.

நான் கணக்கு எழுதித் தருகிறவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் சில லேத் பட்டறைகளுக்கும், பூந்தமல்லிப் பக்கம் இரண்டு மூன்று கடைகளுக்கும் ஜிஎஸ்டி, வருமான வரி வேலைகளைப் பார்க்கிறேன். அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. என் வீட்டின் இரண்டாவது படுக்கையறைதான் அலுவலகம். நம் மூன்று பிளாக்கிலும் என்னைப் போலச் சொந்தமாகத் தொழில் செய்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒருவர் வீட்டு வரைபடம் போடுகிறார், ஒருவர் வெப்சைட் செய்கிறார், டியூஷன் எடுப்பவர்கள் உண்டு, கேக் செய்து கொடுப்பவர் உண்டு, பிளவுஸ் தைப்பவர் உண்டு.

கம்பெனி வேலையை வீட்டிலிருந்து செய்கிறவர்களையும் எங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். அவர்களுக்கு லேப்டாப் கம்பெனி தருகிறது. கரண்ட் போனால் மேனேஜருக்கு ஒரு மெசேஜ் போட்டால் போதும், மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடும். எங்களுக்கு ஒரு நாள் போனால் அந்த நாளின் வருமானம் போயிற்று. அதனால் வீட்டுக்குள் வேலை செய்யும் இடம் எப்படி இருக்கிறது என்பது எங்களுக்கு அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை.

நம் பகுதியின் கதையையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1960களில் எஸ்டேட் வந்தது, ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது. வேலை என்றால் ஷிஃப்டு, கேட், பஞ்ச் கார்டு. வீடு என்றால் ஷிஃப்டு முடிந்து வந்து சாப்பிட்டுத் தூங்கும் இடம். இப்போது பட்டாபிராமில் டைடல் பார்க்கே வந்துவிட்டது, ஆனால் நம் வீடுகளின் அமைப்பு இன்னும் அந்தப் பழைய கணக்கில்தான் இருக்கிறது. ஹால், கிச்சன், இரண்டு பெட்ரூம். சில பில்டர்கள் 'ஸ்டடி' என்று ஒரு அறை காட்டுவார்கள். ஜன்னலே இல்லாத அந்த அறையில் எல்லோர் வீட்டிலும் இப்போது கொலு பொம்மைப் பெட்டியும் பழைய மெத்தையும்தான் இருக்கின்றன.

வீட்டிலேயே தொழில் செய்வது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பூந்தமல்லியில் பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் காஞ்சிபுரம். அங்கே கைத்தறி நெசவாளர் வீட்டுக்குள் யாராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கடையைச் சொல்லவில்லை, வீட்டைச் சொல்கிறேன். தெருவிலிருந்து உள்ளே நுழைந்ததும் முன்கூடத்தில் தறி இருக்கும். வீட்டின் நல்ல வெளிச்சமும் காற்றும் உள்ள இடம் அதற்குத்தான். சமையல், படுக்கை, சாமான் எல்லாம் மிச்ச இடத்தில். நாம் நேர்மாறாகச் செய்கிறோம். சோபா, டிவி, டைனிங் டேபிள், பூஜை அலமாரி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிஞ்சுகிற மூலையில் நம் சோறு போடும் வேலையை உட்கார வைக்கிறோம்.

குழித்தறியையே எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஒரு குழி, அதற்குள் கால், மிதிக்கும் கட்டைகள் கீழே, துணி இடுப்புக்கு நேராக. நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார், ஆனால் கால் மடங்காது. மண் குழியின் ஈரப்பதத்தால் இழை அறுவதும் குறையும். கோர்வைப் புடவைக்கு உடலும் கரையும் தனித்தனி நிறம், கரைக்கு இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கும் இடம் விட்டிருப்பார்கள். வேலைக்கு என்ன தேவை, உடம்புக்கு என்ன தேவை என்று பார்த்துப் பார்த்து அமைத்த இடம் அது. எந்த ஃபர்னிச்சர் கடை கேட்டலாக்கும் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பாவு நீட்டுவதற்கு வீட்டுக்குள் இடம் போதாது. அதனால் விடியற்காலையில், வெயில் ஏறும் முன், தெருவிலேயே நீளமாகக் கட்டிச் சரிசெய்வார்கள். தெரு எல்லோருக்கும் பொது. இன்றைக்கு ஒருவர் பாவு, நாளைக்கு இன்னொருவர் பாவு என்பதால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் தெரியும்.

சரி, நம் பிளாட்டுக்கு வருவோம். மேசை வாங்குவதற்கு முன்னால் இடத்தைத் தேர்வு செய்யுங்கள். ஒரு மடக்கு மேசையை வைத்துக்கொண்டு, வீட்டில் மூன்று இடங்களில் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து வேலை செய்து பாருங்கள். காலை பத்து மணிக்கு நன்றாக இருக்கும் இடம் மதியம் மூன்று மணிக்கு அடுப்படியாக இருக்கும். மேற்குப் பார்த்த அறைகளில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பகல் இரண்டு மணிக்கு மேல் சுவரில் கை வைக்க முடியாது, ராத்திரி ஒன்பது வரை அந்தச் சூடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். வடக்கு ஜன்னல் பொதுவாக நல்லது, வெளிச்சம் சீராக வரும். ஆனால் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து வடக்கே போய்விடும், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில்தான் திரும்பத் தெற்கே வரும். அந்த நான்கு மாதமும் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் எட்டிப் பார்க்கும். டிசம்பரில் தெற்கு ஜன்னலில் வெயில் அறைக்குள் வெகு தூரம் நுழையும், அப்போது அது சுகமாகவே இருக்கும். நீங்கள் பகல் முழுவதும் உட்காரப் போகிறவர் என்றால், கிழக்கு ஜன்னல் உள்ள அறை மதியத்துக்கு மேல் உங்களுக்குக் கைகொடுக்கும்.

ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் ஸ்கிரீனில் கூசும், வீடியோ காலில் முகம் கருப்பாகத் தெரியும். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கண் வலிக்கும், கீழே கார் பார்க்கிங்கில் நடக்கும் சண்டையும் தெரியும். வலது கையால் எழுதுகிறவர், தைக்கிறவர் என்றால் வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரட்டும், கையின் நிழல் வேலை மேல் விழாது.

இப்போது மேசை, நாற்காலி. இதில்தான் நிறையப் பேர் பணத்தைக் கொட்டி முதுகுவலியை வாங்குகிறார்கள். கடையில் விற்கும் மேசையின் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அது நல்ல உயரமான ஆளுக்குச் சரி. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் கால் தரையில் பதியும்படி உட்கார்ந்தால் அவர் முழங்கை 62, 63 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். மேசை அதைவிட அரை ஜாண் அளவு மேலே. அப்புறம் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு இதுதான் தோள்வலிக்குக் காரணம் என்பது என் சந்தேகம். மேசையை அறுக்க முடியாது. அதனால் உயரம் மாற்றக்கூடிய நாற்காலியை ஏற்றுங்கள், முழங்கை மேசை மட்டத்துக்கு வரட்டும். காலுக்குக் கீழே ஒரு பலகையோ, பழைய மணையோ போடுங்கள். மணை எல்லார் வீட்டிலும் பரணில் இருக்கும்.

பணம் குறைவாக இருந்தால் நாற்காலிக்குச் செலவு செய்யுங்கள், மேசைக்கு வேண்டாம். இரண்டு கால் ஸ்டாண்டின் மேல் ஒரு பிளைவுட் பலகை நல்ல மேசைதான். அலுவலகங்கள் இடம் மாற்றும்போது பழைய நாற்காலிகள் மலிவாக வரும். வாங்கும் முன் உட்கார்ந்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தானாகக் கீழே இறங்கினால் விட்டுவிடுங்கள். லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் அதற்கு அடியில் நான்கு தடிமனான புத்தகம் வைத்து, ஸ்கிரீனின் மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். தனிக் கீபோர்டும் மவுஸும் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தள்ளி இருபது வினாடி பாருங்கள் என்பார்கள். இருபது அடி நீளமான அறை எத்தனை பேருக்கு இருக்கிறது? ஜன்னல் வழியாக எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள், போதும்.

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை நிறுத்துவார்கள். முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், ஆனால் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடைசி நாளன்று அது வந்தால் என் நிலைமை என்ன? நம் ஜெனரேட்டரை நம்பாதீர்கள், அது லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேப்டாப் 65 வாட், பழைய ஃபேன் 75, ஒரு எல்இடி விளக்கு 10, ரூட்டர் 12. மொத்தம் 160 வாட் சுமார். 12 வோல்ட், 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கிறது. இழப்பெல்லாம் போக அறுபது அறுபத்தைந்து சதவீதம் கைக்கு வரும். அதாவது ஏழு மணி நேரம். ஐந்து மணி நேர மின்தடை தாராளமாக ஓடும், அந்த நேரத்தில் யாரும் மிக்ஸி போடாமல் இருந்தால்! இன்வெர்ட்டர் வாங்க வசதி இல்லாதவர்கள் ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள், கையடக்கமாக இருக்கும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, கரண்ட் போனதும் முதலில் சாவது ரூட்டர்தான். அதோடு, ஃபைபர் ஒரு கம்பெனி என்றால் செல்போன் சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். கரண்ட் புகாருக்கு மின்னகம் எண் 94987 94987, இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து எத்தனையோ பட்டறைகளில் மெஷின் மூழ்கியது. இந்தப் பக்கமெல்லாம் கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. எனக்குக் கணக்குக் கொடுக்கும் ஒரு பட்டறைக்காரரின் பில் புத்தகங்கள் எல்லாம் நனைந்து ஒட்டிப்போய்விட்டன. அவர் என்னிடம் வாட்ஸ்அப்பில் மாதாமாதம் அனுப்பியிருந்த போட்டோக்களை வைத்துத்தான் பிறகு எல்லாவற்றையும் எழுதி எடுத்தோம். ஆகவே, வேலைக் கோப்புகளின் ஒரு பிரதி இந்தக் கட்டடத்துக்கு வெளியே எங்காவது இருக்க வேண்டும். கிளவுடோ, வேறு ஊரில் இருக்கும் தம்பி வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க்கோ, உங்கள் இஷ்டம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் யுபிஎஸ்ஸையும் பிளக் போர்டையும் தரையில் வைக்காதீர்கள்.

அடுத்தது, நிறையப் பேர் என்னிடம் ரகசியமாகக் கேட்கும் கேள்வி: "வீட்டு இணைப்பில் தொழில் செய்தால் ஈபிக்காரர்கள் கமர்ஷியல் ஆக்கிவிடுவார்களா?" பயப்பட வேண்டாம். மின் கட்டண ஆணையில் வீட்டு உபயோகப் பிரிவுக்குள்ளேயே, தொழில்முறை வல்லுநர்கள் தங்கள் வீட்டோடு சேர்ந்து வைத்திருக்கும் ஆலோசனை அறை 200 சதுர அடி வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. நெசவாளர் வீட்டுக் கைத்தறியும் அதே பிரிவில்தான் வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடிதான். ஆனால் முழு பிளாட்டையும் அலுவலகமாக்கி ஆள் வைத்து நடத்துவது, பியூட்டி பார்லர் வைப்பது, கடை போடுவது இதில் அடங்காது. அதற்கு வணிகக் கட்டணம்தான், அதை மறைக்கப் பார்க்காதீர்கள்.

காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரம் வேண்டுபவர்கள் பிறகு கேளுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம். ஆன்லைன் தளங்களில் விற்றாலோ வேறு மாநிலத்துக்குப் பொருள் அனுப்பினாலோ விதி வேறு. உத்யம் பதிவு முழுக்க இலவசம். பணம் கேட்கும் வெப்சைட் எதுவானாலும் அது அரசுடையது இல்லை. கேக், ஊறுகாய், பொடி என்று சாப்பாட்டுப் பொருள் எதை விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் தொழில் முகவரியாக வீட்டைக் காட்டும் முன் வீட்டு உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு அரசு வெப்சைட்டில் தேடினால் உங்கள் தொழில் முகவரி, பிளாட் எண் உட்பட, யாருக்கும் தெரியும். தனியாக இருக்கும் பெண்கள் இதை யோசித்துவிட்டு முகவரி கொடுங்கள். அதோடு, பதிவுச் சான்றிதழைத் தொழில் நடக்கும் இடத்தில் தெரியும்படி மாட்ட வேண்டும், வாசல் பெயர்ப்பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்று விதி. நம் சங்கமோ எந்தக் கதவிலும் எந்தப் போர்டும் கூடாது என்கிறது. நான் எந்த விதிக்குக் கட்டுப்படுவது? கதவுக்குப் பக்கத்தில் ஒரு தபால் அட்டை அளவுப் பலகையை அனுமதிக்கச் சொல்லிச் செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். பிளவுஸ் தைக்கும் சகோதரியைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த பேச்சை எல்லோரும் படித்தீர்கள். அதன் தொடர்ச்சியாக, "பிளாட்டுகளில் எந்தத் தொழிலும் கூடாது" என்று துணைவிதியில் ஒரு வரி சேர்க்கலாம் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்கு ஏற்ப நம் துணைவிதிகளைத் திருத்தியாக வேண்டிய நேரம் இது என்பதால், அந்த வரி நிஜமாகவே உள்ளே வந்துவிடக்கூடும். வந்தால் என்ன ஆகும்? அந்த வீட்டில் அவர் தையல்தான் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ். நான், வரைபடம் போடுபவர், டியூஷன் டீச்சர் எல்லோரும் அதே வரிக்குள் வருவோம். ஆனால் தினமும் ராத்திரி பதினொன்றுக்குச் சத்தமாகப் பாட்டு வைக்கும் வீடு வராது, ஏனென்றால் அவர்கள் தொழில் செய்யவில்லை!

தொல்லை என்ன என்பதை எழுதுங்கள், தொழிலை எழுதாதீர்கள். புகாரைப் பிரித்துப் பார்த்தால் மூன்றே விஷயம்தான்: ராத்திரி எட்டு மணிக்கு மேல் வெளியாட்கள் வருவது, லிஃப்டு பக்கத்தில் துணிப் பைகள் கிடப்பது, பைக்கை வேறொருவர் இடத்தில் நிறுத்துவது. வாடிக்கையாளர் வருகைக்குக் காலை பத்து முதல் மாலை ஆறு, கேட்டில் பதிவு, படிக்கட்டிலும் நடைபாதையிலும் ஒரு பொருளும் கூடாது. கடைசி விதி தீ விபத்து நேரத்தில் உயிர் காக்கும், அது செருப்பு ஸ்டாண்டுக்கும் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான். அந்தச் சகோதரி இந்த மூன்றுக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டார். நானே வேண்டாம் என்று சொல்லும் ஒன்றும் உண்டு. வீட்டு கேஸ் சிலிண்டரை வைத்து வியாபாரச் சமையல் செய்வது சட்டப்படி தவறு, பெரிய வணிகச் சிலிண்டரை பிளாட்டுக்குள் கொண்டுவருவது ஆபத்து. கேக் செய்பவர் மின்சார அவன்தான் வைத்திருக்கிறார், அதைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

பதிலுக்கு உங்களிடம் எங்களுக்கும் ஒரு வேண்டுகோள். "வீட்டில்தானே இருக்கீங்க?" இந்த ஒரு வாக்கியத்தால் எனக்கு ஒரு நாளில் போகும் நேரத்தைக் கணக்கெடுத்தேன். ஒரே வாரத்தில் அடுத்த வீட்டுப் பார்சல் ஒன்பது, தண்ணீர் கேன் நான்கு, சாவி மூன்று தடவை, ஸ்கூல் வேனிலிருந்து குழந்தையை இறக்குவது இரண்டு தடவை. குழந்தைக்காக எப்போதும் வருவேன், பார்சலுக்கு வர மாட்டேன். பார்சல்களைக் கேட்டில் வைக்க ஒரு அலமாரி போட்டால் எல்லோருக்கும் நிம்மதி. சுவரில் டிரில் போடுவதாக இருந்தால் முதல் நாளே குழுவில் நேரம் போடுங்கள். வீட்டுக்குள்ளும் இதே கதைதான். என் அறைக் கதவு மூடியிருந்தால் அம்மா ஆபீசில் இருக்கிறாள் என்று என் பையனுக்குப் புரிய ஒரு வருஷம் ஆயிற்று. அவன் அப்பாவுக்கு இன்னும் புரியவில்லை.

கடைசியாக, காஞ்சிபுரத்துத் தெருவில் பாவு நீட்டுவதைச் சொன்னேனே. நம்மிடமும் ஒரு பொது இடம் இருக்கிறது, நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த ஹால். பிறந்தநாளுக்கும் சீமந்தத்துக்கும் தவிர வாரநாட்களில் பூட்டியே கிடக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து முதல் மாலை நான்கு வரை, முன்பதிவு செய்து, வாடிக்கையாளரைச் சந்திக்கவோ வீடியோ கால் பேசவோ கொடுக்கலாம். வெளியாட்கள் மாடி ஏறுவதே பாதி குறையும். ஹால் பொது மீட்டரில் ஓடுகிறது, அதில் நம் வீடுகளுக்கு இருப்பதுபோல் 100 யூனிட் இலவசம் எல்லாம் கிடையாது. அதனால் மணிக்கு 20 ரூபாய் நாங்கள் கட்டுகிறோம். மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம், வரவு செலவை நானே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்.

இப்போதைக்கு ஹாலில் இரண்டே பிளக் பாயிண்டுகள், இரண்டும் மேடைக்குப் பின்னால். கிழக்கு ஜன்னல் பக்கம் இன்னும் இரண்டு போட வேண்டும். தலைவர் அனுமதித்தால் நம் எலெக்ட்ரீஷியனிடம் இந்த வாரமே விலை கேட்டுச் சொல்கிறேன். பராமரிப்புக் கட்டணத்துக்குப் போகும் முன் கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.